புதுப்பிப்பு: பிள்ளைகளிடம் போன் இல்லாத வகுப்பில் வினாடி வினா, பிளிக்கர்ஸ் சரிவந்தது

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குக் கணிதம் படிப்பிக்கிறேன், பிள்ளைகளிடம் போன் இல்லை, இலவசமாக வினாடி வினா நடத்த என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இணையத்தில் வினாடி வினா நடத்த உதவும் கஹூட், கூகுள் ஃபோம்ஸ் இரண்டும் நல்லவைதான், ஆனால் பிள்ளைகள் கையிலும் கருவி வேண்டும். சரிவந்தது பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி, பிள்ளைகளுக்கு அச்சிட்ட அட்டையும் ஆசிரியருக்கு ஒரு போனும் போதும். அதைச் சொன்ன பண்டாரவளை டீச்சருக்குத் தனி நன்றி.

அட்டைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கறுப்பு வடிவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன், பிள்ளைகள் தங்கள் விடை எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிப்பார்கள், நான் முன்னால் நின்று போன் கமராவை ஒருமுறை வகுப்பு முழுக்க ஓட்டினால் யார் எந்த விடை என்று பதிவாகிவிடும். செயலியிலும் கேள்விகளைத் தமிழிலேயே டைப் பண்ணலாம்.

எதிர்பாராத நல்ல விஷயம், அட்டையில் எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு விடை தெரியாது, அதனால் கடைசி வாங்கில் வாயே திறக்காத பிள்ளைகளும் துணிந்து தூக்குகிறார்கள். பின்னங்களில் யாருக்கு எங்கே சிக்கல் என்று இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது!

அப்புறம், பளபளப்பாக லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கமரா வாசிக்காது, பிரிஸ்டல் போட்டில் (தடித்த காகித அட்டையில்) ஒட்டுங்கள். விரல் கறுப்பு வடிவத்தை மறைக்கவும் கூடாது.