மறுமொழி: அசைன்மென்ட் – ‘ஒதுக்கீடு’ சரியா வருமா?

> ப்ரைம்நெட் ஒரு எண்ணை ஒருத்தருக்குக் கொடுக்குது. அது ஒதுக்கீடுதானே, இதுல விவாதிக்க என்ன இருக்கு?

வணக்கம் ஐயா,

இருக்கு. நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு அசைன்மென்டுக்குத் தமிழ்ச்சொல் தேடுறோம். ஜிம்ப்ஸ்ங்கிறது பல பேரோட கம்ப்யூட்டர் சேந்து பெரிய பகா எண்ணுங்கள தேடுற திட்டம், அதுல வேலையப் பிரிச்சுக் கொடுக்குற சர்வர்தான் ப்ரைம்நெட். ஒதுக்கீடுன்னா நம்மாளுங்க காதுல முதல்ல விழுறது இட ஒதுக்கீடு, அடுத்து பட்ஜெட்ல நிதி ஒதுக்கீடு, ரெண்டுலயும் எடுத்து வச்சாச்சுன்னா அது அவங்களுக்குத்தான்ங்கிற தொனி இருக்கு. ஜிம்ப்ஸ்ல நடக்குறது அப்படி இல்ல. 2-க்கு ஒரு பகா எண்ணை அடுக்கா வச்சு வர்றதுல 1 கழிச்சா கிடைக்கிறது பகா எண்ணான்னு பாக்கணும், அந்த அடுக்கைத்தான் சர்வர் நம்ம கையில கொடுக்குது. நம்ம மெஷின்ல ஓடுற ப்ரைம்95 மென்பொருள் அப்பப்போ சர்வர்கிட்ட போய் இத்தனை சதவீதம் முடிஞ்சுது, இந்தத் தேதிக்கு முடிச்சிடுவேன்னு சொல்லிட்டே இருக்கணும், சொல்லாம கம்முன்னு கெடந்தா கெடு தாண்டினதும் அதைப் புடுங்கி வேற ஆளுக்குக் கொடுத்துடும். சின்ன அடுக்குங்கள வேகமான, நம்பிக்கையான மெஷினுக்குத்தான் தரும், ஏன்னா இந்த எல்லைக்குக் கீழ எல்லாம் முடிஞ்சுதுன்னு அறிவிக்க விடாம தடுக்குறதுக்கு ஒரே ஒரு சோம்பேறி போதும்.

அந்த சோம்பேறி நானேதான் ஒரு தடவை. வீடு மாத்துனப்போ பழைய லேப்டாப்ப பாத்திரப் பொட்டிக்குள்ள வச்சு கட்டிட்டேன், 83 சதவீதத்துல நின்னுச்சு, ஆறு மாசம் கழிச்சு இட்லி குண்டானுக்கு அடியில இருந்து எடுத்து ஆன் பண்ணா அந்த எண்ணு என் பேர்லயே இல்ல, யாரோ வாங்கி முடிச்சே விட்டுருக்காங்க. கோவம் வரல, ஞாபகம் வந்தது முறைவாசல்தான். திருவல்லிக்கேணில நாங்க ஆறு குடித்தனம், வாசல் ஒண்ணு. செவ்வாக்கிழமை எங்க முறை, விடியறதுக்குள்ள அம்மா தண்ணி தெளிச்சு கோலம் போடலேன்னா வீட்டுக்காரம்மா கதவத் தட்டும், அப்பவும் எழுந்திரிக்கலேன்னா பக்கத்து போர்ஷன்ல சொல்லிடும். வாசல் யாருக்கும் சொந்தமில்ல, அன்னைக்கு அது உங்க பொறுப்பு, அவ்ளோதான்.

அதனால அசைன்மென்டுக்கு என் பரிந்துரை ‘முறைவேலை’. முதல்ல ‘முறையெண்’னு யோசிச்சேன், ஆனா அது ஏதோ வரிசை எண் மாதிரி கேக்குது, போயின்க்ங்கிற தன்னார்வக் கணினித் தளம் மேல ஓடுற மத்த புராஜெக்ட்ல கொடுக்குற துண்டு வேலைக்கும் ஒட்டாது.

> போச்சிங்குக்கு ‘வேட்டைக்களவு’ வைக்கலாமா?

அக்கா, அதைக் கேட்டா எனக்கு மானும் சந்தனக்கட்டையும்தான் கண்ணு முன்னாடி வருது. ஒருத்தர் முறைல இருக்கிற எண்ண இன்னொருத்தர் கேக்காம எடுத்து ஓட்டி முடிச்சிடுறது, ‘முறைபறிப்பு’ன்னா போதுமே. முறைவாசல்லயும் இது உண்டு, அடுத்த போர்ஷன் அக்கா நம்ம நாள்ல முந்திக்கிட்டு கோலம் போட்டுட்டு ‘நல்லதுதானே பண்ணேன்’னு நிக்கும். ஜிம்ப்ஸ்ல பறிக்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க, அவன் மெதுவா ஓட்டுறான், நான் சீக்கிரம் முடிச்சேன்னு. முன்னெல்லாம் பகா எண்ணான்னு பாக்குற லூகாஸ்-லேமர் சோதனைய ரெண்டு பேர் தனித்தனியா ஓட்டி விடையோட கடைசி 64 பிட் ஒத்துப்போகுதான்னு பாத்தாங்க, அதனால பறிகொடுத்தவர் லேட்டா முடிச்சாலும் அவரோடது ரெண்டாவது சோதனையா கணக்குல சேந்துடும். 2020-க்கு அப்புறம் பிஆர்பிங்கிற வேற சோதனையோட, வேலை சரியா நடந்துச்சுன்னு காட்டுற நிரூபணக் கோப்பும் சேந்து வருது, அதைச் சரிபாக்க மொத்த வேலைல ஒரு சதவீதம் கூட ஆகாது. அப்போ ரெண்டாவதா ஓடுறது மொத்தமும் வெட்டி கரண்டு பில்லு. பறிப்புங்கிற கடுமையான சொல்லு இப்பத்தான் பொருத்தம்.

சர்வருக்குப் புதுசா ‘ஒருங்கிணைப்பி’ன்னு ஒண்ணு வேண்டாம், வழங்கியே இருக்கட்டும். என்ன, இந்த வழங்கி வாங்கவும் செய்யும். 7,42,07,281 அடுக்கா வர்ற எண்ணு, 2,23,38,618 இலக்கம், அது பகா எண்ணுன்னு 2015 செப்டம்பர் 17 அன்னைக்கே ஒரு மெஷின் சொல்லிடுச்சு, வழங்கியும் வாங்கி வச்சுக்கிச்சு, ஆனா ஆளுங்களுக்குப் போக வேண்டிய அறிவிப்பு மெயில் போகல. 2016 ஜனவரி 7 அன்னைக்கு வழக்கமான பராமரிப்புல ஒரு மனுசன் கண்ணுல பட்டுதான் வெளிய வந்துச்சு. கண்டுபிடிச்ச தேதியா பதிவானதும் அந்த ஜனவரி 7-தான்.

--

தம்பி,

முறைவாசல் நல்லா இருக்கு, ஆனா ‘முறை’ன்னா ஏற்கெனவே மெத்தட். அதுக்கும் மேல ஒண்ணு. 2024 அக்டோபர்ல 4,10,24,320 இலக்கம் உள்ள பகா எண்ணக் கண்டுபிடிச்ச லூக் டூரன்ட், 17 நாட்டுல கிளவுட்ல ஆயிரக்கணக்குல ஜிபியு ஓட்டுனவர். ஒத்த ஆளே தெரு முழுக்க கோலம் போட்டா அதுல முறை எங்க இருக்கு?

--

ஐயா,

மெத்தட்டுக்கு செயல்முறைன்னு எழுதிக்கலாம், முறைவேலைன்னு சேத்து எழுதுறப்போ யாரும் குழம்ப மாட்டாங்க. டூரன்ட் எத்தனை ஆயிரம் மெஷின் வச்சிருந்தாலும் ஒவ்வொரு அடுக்கும் அவர் பேர்ல எழுதி வச்ச பிறகுதான் ஓடணும், இல்லேன்னா அவரும் பறிச்சவர்தான். முறைங்கிறது சமமா பிரிக்கிறது இல்ல ஐயா, இப்போ இது யார் கையிலங்கிறது.

இன்னொண்ணு, காலைல பல் வெளக்குறப்போ தோணிச்சு. ரெண்டாவது ஆள் ஓட்டிப் பாக்குற டபுள் செக்குக்கு ‘இரட்டைச் சரிபார்ப்பு’ன்னு பட்டியல்ல கெடக்கே, ஒரே ஆள் ரெண்டு தடவ பாத்த மாதிரி. முறைவேலைய ஏத்துக்கிட்டோம்னா அதை ‘மறுமுறை’ன்னு வச்சிடலாம், திரும்ப ஒரு தடவைங்கிறதும் அதுல இருக்கு, வேற ஒருத்தர் முறைங்கிறதும் இருக்கு. அக்காவும் சரின்னா இன்னைக்கு ராத்திரி பட்டியல்ல மாத்திடுறேன்.