ஹைட்ரா மொட்டு விடுவதை நிறுத்திவிட்டது, உதவுங்கள்

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாலிலா இனப்பெருக்கத்தைக் கண்ணெதிரே காட்ட பழுப்பு ஹைட்ரா (நன்னீரில் வாழும் மிகச் சிறிய குழாய் வடிவ உயிரி) வளர்க்கிறேன். படத்தில் காட்டுவது வேறு, தாயின் உடலிலிருந்து குட்டி பிரிவதைப் பார்ப்பது வேறு. இப்போது மூன்று வாரங்களாக ஒரு மொட்டுகூட இல்லை.

ஆறு ஹைட்ராக்களுடன் கண்ணாடிக் கிண்ணத்தில் தொடங்கினேன். முதல் மாதம் உடலின் கீழ்ப்பாதியில் மொட்டு முளைத்து, உணர்நீட்சிகள் தோன்றி, சில நாட்களில் குட்டி கழன்றுவிடும். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. பிறகு அறை சூடாகிவிட்டதால் கிண்ணத்தை 12 டிகிரி உள்ள குளிர்பெட்டிக்கு மாற்றினேன். சிக்கல் அதன் பின்னரே தொடங்கியது.

இப்போது பலவற்றின் மேற்பகுதியில் சிறு கூம்புகள் தெரிகின்றன. அவற்றில் உணர்நீட்சி இல்லை, வாயும் இல்லை. விந்தகங்கள் என்றே, அதாவது பால்வழி இனப்பெருக்கத்துக்கு மாறிவிட்டன என்றே நினைக்கிறேன். சிலவற்றின் உணர்நீட்சிகள் குட்டையாகி, உடலும் சுருங்கி வருகிறது.

குளோரின் நீக்கிய நீரையே பயன்படுத்துகிறேன், செம்புப் பாத்திரம் தொடவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சுகள் கொடுத்து, சில மணி நேரத்தில் நீரை மாற்றிவிடுகிறேன். கூட்டம் அதிகமோ என்று பாதியை வேறு கிண்ணத்துக்குப் பிரித்தேன். உணவை இரட்டிப்பாக்கினேன். நான்கு நாட்களாக 20 டிகிரியில் வைத்திருக்கிறேன். மாற்றமில்லை.

கூம்பு வந்துவிட்ட ஹைட்ராக்கள் இந்தச் சூட்டில் மீண்டும் மொட்டு விடுமா, அல்லது கூம்பில்லாதவற்றை மட்டும் பிரித்து அவற்றிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டுமா?