இரண்டு பேருக்கு மட்டும் சமைப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். பழைய 5 லிட்டர் குக்கரில் ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டால் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. இப்போதைக்கு அடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே சிறு கிண்ணங்களில் அரிசியும் பருப்பும் வைத்து வேகவிடுகிறேன். புதிதாக வாங்குவதென்றால் 2 லிட்டரா, 3 லிட்டரா? பருப்பு நுரைத்துப் பொங்கும், பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. அதனால் 3 என்கிறேன் நான். அவர் 2 போதும் என்கிறார் (சமைப்பது அவர் இல்லையே).

பெரிய தலைவலி குழம்புதான். புளி, தூள், உப்பைப் பாதியாக்கிவிடலாம். தண்ணீரையும் பாதியாக்கினால் பச்சை வாசனை போவதற்குள் சுண்டிவிடுகிறது. அகலச் சட்டி என்பதால் சீக்கிரம் வற்றுகிறதோ? குறுகலான மண்சட்டியில் வைப்பவர்கள் சொல்லுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காய் அரைத்தால் மிக்ஸி பிளேடுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது, அதற்கும் ஒரு வழி வேண்டும்.

அப்புறம் மீன். முதுநகர் துறைமுகத்தில் சங்கராவோ காரப்பொடியோ கூறு கட்டித்தான் விற்கிறார்கள். பாதிக் கூறு கேட்டால் மீன்காரம்மா சிரிக்கிறார். மீதியை மஞ்சள், உப்பு தடவி ஃப்ரீசரில் வைத்தால் குழம்புக்குப் பரவாயில்லை, வறுவலுக்கு ருசியே இல்லை. நீங்கள் எப்படி வைக்கிறீர்கள்?

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் சின்ன இண்டாலியப் பாத்திரம் விற்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். மீந்த சாம்பாரை மறுநாள் உப்புமாவுக்கு ஊற்றிக்கொள்ளும் யோசனை மட்டும் வேண்டாம், அவர் தொடமாட்டார்.