‘இந்த மாடலில் எக்ஸெல் வராதுங்க’: கடையின் கணக்கா, ஒதுக்கலா?

குன்னூர் சித்தி:
என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன சனிக்கிழமை ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு துணிக்கடைக்குக் கூட்டிப் போனேன். வகுப்பில் பாதிப் பேர் போட்டிருக்கிற ஒரு ஹூடியை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்ததில் பெரியது எல். அதை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனவள், வெளியே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒரு கை, இன்னொரு கை, தொப்பியை உள்ளே தள்ளி, கடையில் இருந்த மாதிரியே. எக்ஸெல் இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். “இந்த மாடலில் எக்ஸெல் வராதுங்க, பெரியவங்க செக்‌ஷன் மாடியில இருக்கு” என்று பதில் வந்தது. பிள்ளைக்கு 16 வயது. படி இறங்கும்போது போட்டிருந்த ஸ்வெட்டரை இடுப்புக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். பஸ் அருவங்காடு தாண்டும்வரை பேசவே இல்லை.

அந்தக் கடை வாசலில் நாலு பிள்ளைகள் அதே ஹூடியோடு நிற்கிற பெரிய படம் இருக்கிறது. நாலு பேரும் இங்கே படிக்கிறவர்கள், இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்தவர்கள். சும்மா கொடுத்து ரீல்ஸ் போட வைத்ததாக அக்கா மகள் சொன்னாள். அளவு இல்லாததையும் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: இது இன்னாருக்கு மட்டும் என்று முடிவு செய்துதான் விற்கிறார்கள். நான் சொல்வது தப்பா?

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
அது என் கடை இல்லை. ஆனால் நானும் 19 வருடமாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பிள்ளை மனசு நொந்ததற்கு வருத்தம்தான். ஆனால் கடைக்காரன் யாரையும் ஒதுக்குவதற்காகக் கடை திறப்பதில்லைங்க. சரக்கு எங்களுக்கு செட்டாகத்தான் வருகிறது. எம், எல் கூடுதலாக இருக்கும், ஓரத்து சைஸ் ஒன்றோ இரண்டோதான். சீசன் ஏப்ரல், மே. அதற்குள் போகாத பீஸ் மழை பிடித்ததும் அலமாரியிலேயே கிடந்து பூஞ்சை வாடை அடிக்கும். போன வருடம் எக்ஸெல், டபுள் எக்ஸெல் மட்டும் 14 பீஸ் என் தலையில் நின்றது. நாலு பேருக்குத் தெரிந்த பிள்ளை போட்டால் நாற்பது பேர் கேட்கிறார்கள், அதனால் படம் வைக்கிறோம். எல்லா வியாபாரமும் அப்படித்தான் நடக்கிறது.

கோத்தகிரி காலேஜ் பொண்ணு:
அண்ணா, உங்களை ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் என்கிற துணிக் கம்பெனியின் கதை தெரியுமா? மைக் ஜெஃப்ரீஸ் என்பவர் 1992-லிருந்து 2014 வரை அதை நடத்தினார். 2006-ல் ஒரு பேட்டியில், ஒவ்வொரு பள்ளியிலும் எல்லோரும் விரும்புகிற பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களைத்தான் நாங்கள் தேடுகிறோம், பலருக்கு எங்கள் துணி பொருந்தாது, ஆமாம் நாங்கள் ஒதுக்குகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2013-ல் அந்தப் பேச்சு மறுபடி கிளம்பிப் பெரிய கண்டனமானது. அப்போது அந்தக் கடைகளில் பெண்களுக்கு எக்ஸெல் கிடையாது, ஆண்களுக்கு இருந்தது. ஃபுட்பால் விளையாடுகிற பையன்களுக்காகத்தான் என்று சொன்னார்கள். பையன் பெரிய உடம்பாக இருந்தால் வீரன், பொண்ணு இருந்தால் மாடிக்குப் போகணுமா? இதில் செட்டுக் கணக்கு எங்கே வந்தது? அங்கே விற்பனைக்கு நின்றவர்களுக்கே அப்போது ‘மாடல்’ என்றுதான் பெயர். தோற்றம் பார்த்து ஆள் எடுக்கிறார்கள், வெள்ளையர் அல்லாதவர்களைப் பின்கட்டுக்குத் தள்ளுகிறார்கள் என்று வழக்கு வந்து, 2004-ல் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆனார்கள்.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
தங்கச்சி, கோடி கோடியாகப் பணம் வைத்திருந்த கம்பெனியையும் பத்துக்குப் பன்னிரண்டு கடையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அவர் ஒதுக்குகிறேன் என்று வாயால் சொன்னார். எனக்கு வாடகை கட்ட வேண்டும்.

திருப்பூர் பழைய ஆள்:
திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு இப்போது கூடலூரில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பாதிதான் சரி. பெரிய சைஸுக்குத் துணி கூடப் பிடிக்கும், விலையோ எல்லா சைஸுக்கும் ஒன்று. எக்ஸெல்லுக்கு மேலே போனால் சும்மா அகலத்தைக் கூட்டினால் போதாது. தோள், கை, அக்குள் எல்லாவற்றுக்கும் பேட்டர்னைத் திரும்பப் போட வேண்டும். செலவு நிஜம். ஆனால் முடியாத காரியம் இல்லை. 2013 கடைசியில் அதே அபர்கிராம்பி பெரிய அளவுகள் கொண்டுவருவதாக அறிவித்தது. 2019-ல் இடுப்புக்கும் தொடைக்கும் கூடுதலாக இடம் விட்டு ஒரு ஜீன்ஸ் வரிசையே இறக்கினார்கள். 2023-ல் அவர்கள் பங்கு விலை ஒரே வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஜீன்ஸ் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நிர்வாகமே மாறியிருந்தது. ஆனால் பெரிய சைஸ் வைத்தால் பிராண்டு கெட்டுப்போகும் என்று ஒரு பேச்சு உண்டே, அது பொய்த்துவிட்டது.

இன்னொன்று. நம் ஊரில் எல் என்று எழுதியிருப்பதே யாருடைய எல்? பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைத்தான் ஒட்டிப் போடுகிறோம். இந்திய உடம்புக்கென்று அளவுப் பட்டியல் போட, 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கும் வேலையை, ஃபேஷன் படிப்பு சொல்லித்தரும் மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் கையில் எடுத்ததே இதனால்தான்.

ஊசி நூல், பெட்போர்டு:
நான் டெய்லர். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மலையில் வெறும் உடம்பின்மேல் யார் ஹூடி போடுகிறார்கள்? உள்ளே தெர்மல், அதன்மேல் சட்டை, சில பேருக்கு அரைக்கை ஸ்வெட்டர். கோயமுத்தூரில் எல் போடுகிற பிள்ளைக்கு இங்கே டிசம்பரில் எக்ஸெல் வேண்டும். அப்படியென்றால் கடைக்காரர் அண்ணன் எக்ஸெல் குறைத்து வாங்குவது கணக்காகவே தப்பு. இங்கே ஓரத்து சைஸ் அதுவா? என்னிடம் பக்கவாட்டில் பட்டி வைத்து அகலப்படுத்தக் கொண்டுவருகிற ஹூடிகளில் பாதிக்கு மேல் ஒல்லிப் பிள்ளைகளுடையதுதான்.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
இதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் நின்றுபோன 14 பீஸும் மே மாதத்துச் சரக்கு. அது மெல்லிசு டி-ஷர்ட், வாங்குகிறவர்கள் டூரிஸ்ட். நவம்பர் சரக்குக்கு எக்ஸெல் கூட்டிக் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஒதுக்கல் என்ற வார்த்தையை மட்டும் ஏற்க மாட்டேன்.

குன்னூர் சித்தி:
அண்ணா, சைஸ் விஷயத்தில் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. படத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கடையில் சும்மா கொடுத்த நாலு ஹூடியில் ஒன்றைக்கூட என் பிள்ளை மாதிரி ஒருத்திக்குக் கொடுக்கத் தோன்றவில்லையே, அதற்கு வாடகையா காரணம்? அந்த நாலு பேரில் ஒருத்தி அவள் பெஞ்சில் உட்காருகிறவள். திங்கட்கிழமை, “நீ எப்போ வாங்கப் போறே?” என்று கேட்டிருக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கோத்தகிரி காலேஜ் பொண்ணு:
சித்தி, நானும் பிளஸ் டூவில் அதையேதான் சொன்னேன். வார்த்தை மாறாமல்.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
என் கடையில் படம் வைக்கும்போது எது விற்கும் என்று மட்டும்தான் பார்த்தேன், யார் படத்தில் இல்லை என்று பார்த்ததில்லை. வேண்டுமென்றே செய்தது இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

குன்னூர் சித்தி:
வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை அண்ணா. படி இறங்கி வந்தவளுக்கு எப்படியானாலும் வலி ஒன்றுதான்.

ஊசி நூல், பெட்போர்டு:
அம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வாங்க. நல்ல கனமான ஃபிளீஸ் துணி இருக்கிறது, அவள் கேட்கிற கலரிலேயே தைத்துத் தருகிறேன். வரும்போது தெர்மல் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்க, அதோடு சேர்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும்.