எழும்பூர் அருங்காட்சியகம்: முட்டிவலி உள்ள அப்பாவை அழைத்துப்போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அப்பா சுவாமிமலையில் பல வருடம் சிலை வார்த்தவர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சிக் கையாலேயே உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் பூசிக் காயவைப்பார். ஆனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளை இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறார். திருவாலங்காட்டு நடராஜரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரியும். மற்ற நாட்களில் எப்போது கூட்டம் குறைவு? ஒவ்வொரு சிலை முன்னாலும், விரல் மடிந்திருக்கும் விதத்தையே அரை மணி நேரம் பார்ப்பார், அவசரப்படுத்த எனக்கு மனம் வராது. முட்டிவலியால் படி ஏற முடியாது. சக்கர நாற்காலி அங்கேயே கிடைக்குமா, லிஃப்ட் இப்போது வேலை செய்கிறதா? பென்சிலால் வரைந்துகொள்ள விடுவார்களா, முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வேண்டுமா?

அப்புறம், அதே வாரத்தில் சென்னையில் சிற்பக்கலை பற்றிய ஆவணப்படம் எங்காவது இலவசமாகத் திரையிட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். அதற்கேற்ப ரயில் டிக்கெட் எடுத்துவிடுகிறேன். அண்மையில் போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.