மேல் அளவு 158, கீழ் அளவு 68: அம்மாவின் பிரஷரை எப்படிப் புரிந்துகொள்வது?

மழைத்துளி:
அம்மாவுக்கு வயது 71. தினமும் காலையில் பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். வீட்டு இயந்திரத்தில் 158/68, 162/70 என்றே வருகிறது. சில வருடங்களுக்கு முன் கீழ் அளவு 80-க்கு மேல் இருந்தது. இப்போது அது இறங்குகிறது, மேல் அளவு ஏறுகிறது. உறவினர் ஒருவர், "கீழ் அளவுதான் முக்கியம். மேல் அளவு நூறோடு வயதைக் கூட்டினால் வருவதற்குள் இருந்தால் போதும்" என்கிறார். அந்தக் கணக்குப்படி 171 வரை சரி! எனக்கு மனம் ஒப்பவில்லை. இதற்கிடையில் காலையில் எழுந்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிரஷர் அதிகம் உள்ளவருக்கு ஏன் இப்படி? மாலையில் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. அடுத்த வாரம் மருத்துவரிடம் போகிறோம். என்ன கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

வார்டு அக்கா:
ஓய்வுபெற்ற செவிலியர் நான். பல வருடம் வார்டில் பிரஷர் பார்த்த கை. முதலில் அந்த நூறு கூட்டல் வயது கணக்கை விட்டுவிடுங்கள் அம்மா. அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டு, பக்கவாதம் வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது வரும் அழுத்தம் மேல் அளவு. அது ஓய்வில் இருக்கும்போது ரத்தக்குழாயில் மிஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் அளவு. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான பெருந்தமனி இளம் வயதில் மீள்தன்மையோடு இருக்கும். ரத்தம் பாயும்போது விரிந்து, அதில் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இதயம் ஓய்ந்த நேரத்தில் தானே சுருங்கி, அந்த ரத்தத்தை முன்னே அனுப்பும். அதனால்தான் கீழ் அளவு விழாமல் நிற்கிறது. வயதாக ஆக அந்தச் சுவர் விறைத்துப்போகிறது. விரிய முடியாததால் மேல் அளவு ஏறுகிறது. சேமித்து வைத்த ரத்தம் குறைவு என்பதால் கீழ் அளவு இறங்குகிறது. உங்கள் அம்மாவுக்கு நடப்பது இதுதான். கீழ் அளவு இறங்குவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிவது குழாய் விறைத்ததின் அடையாளம்.

மேல் அளவு மட்டும் ஏறினாலும் மருந்து தர வேண்டுமா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 60 வயது தாண்டிய, மேல் அளவு மட்டும் 160-க்கு மேல் இருந்த 4,736 பேரை வைத்து நடந்த ஆய்வு 1991-ல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. உங்கள் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்காக ஒரேயடியாகவும் இறக்க மாட்டார்கள். இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் போய்ச் சேருகிறது. கீழ் அளவு ஏற்கெனவே 68 என்றால் மருத்துவர் மெதுவாகத்தான் போவார். பொறுமையாக இருங்கள்.

தலைசுற்றலுக்கு ஒரு வேலை செய்யுங்கள். காலையில் படுத்திருக்கும்போதே ஒரு முறை பிரஷர் பாருங்கள். பிறகு எழுந்து நிற்கவைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மயக்கம் வந்தால் உடனே உட்காரவைத்துவிடுங்கள். பல இடங்களில் உட்காரவைத்து மட்டுமே பார்ப்பார்கள், நின்று பார்க்காமல் இது பிடிபடாது.

நடைப்பிரியன்:
கணுக்கால் வீக்கத்துக்கு மட்டும் என் அனுபவம். எனக்கும் அதே மாத்திரைதான், டோஸ் கூடியதும் வீங்கியது. அந்த மருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்களான நுண்தமனிகளை விரிக்கிறது, ஆனால் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் சிரைப் பக்கம் அந்த அளவு விரிவதில்லை. நடுவில் உள்ள மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. மருத்துவர் டோஸைக் குறைத்து, வேறு வகை மருந்தொன்றைச் சேர்த்தார், வீக்கம் வடிந்தது. அதற்காக இது மாத்திரையால்தான் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ சரியில்லை என்றாலும் கால் வீங்கும். ஒரு காலில் மட்டும் திடீரென வீங்கி கெண்டைக்கால் வலித்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். ஆழ்சிரையில் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

மழைத்துளி:
பார்த்துவிட்டேன் அக்கா. படுத்தபோது 156/70, நின்று ஒரு நிமிடத்தில் 131/64, மூன்றாவது நிமிடத்தில் 138/66. அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

வார்டு அக்கா:
நிறுத்தாதீர்கள்! நிற்கும்போது மேல் அளவு 20-க்கு மேல் இறங்கியிருக்கிறது, அதுதான் தலைசுற்றல். நாம் எழும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். குழாய்கள் உடனே இறுகி அதை மேலே தள்ள வேண்டும், அம்மாவுக்கு அது தாமதமாகிறது. இந்த மூன்று அளவையும் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை, சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை எதையாவது எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள், அவையும் காரணமாகலாம். தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா என்றும் பாருங்கள்.

அதுவரை படுக்கையிலிருந்து நேராக எழ விடாதீர்கள். விளிம்பில் சற்று உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழட்டும். கெண்டைக்கால் தசை இறுகும்போது சிரை ரத்தம் மேலே போகும்.

அப்புறம், அளவு எடுக்கும் விதம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பேச்சு வேண்டாம், இயந்திரத்தின் பட்டை வெறும் கையில், இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். கை தொங்கினாலும், பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். காலை மாலை இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் எழுதுங்கள். வீட்டு அளவின் சராசரி 135/85-ஐத் தாண்டினால் அதிகம் என்று கொள்வார்கள். 180-க்கு மேல் போய் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று எதாவது வந்தால் அடுத்த வாரச் சந்திப்பு எல்லாம் கிடையாது, நேராக அவசரப் பிரிவுதான்.