ஆங் சான் பிழைத்திருந்தால்: எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பர்மா

காரைக்குடி

ஐயா இருந்தவரை ஜூலை 19 அன்று எங்கள் வளவில் பேச்சு ரங்கூனுக்குத்தான் போகும். 1947-ல் அந்த நாளில் பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானைச் சுட்டுக் கொன்றபோது, ஐயா ரங்கூன் மொகல் தெருவில் நம் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் பெட்டியடிப் பையன், அதாவது தொழில் பழகும் பையன். வயது 19. செய்தி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்களாம். அப்புறம் ஜூபிலி ஹாலில் வரிசையில் நின்று உடலைப் பார்த்திருக்கிறார். "இம்புட்டுச் சின்னப் பிள்ளையா" என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

ஆங் சானுக்கு அப்போது 32 வயதுதான். 1936-ல் மாணவர் வேலைநிறுத்தம், ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சி, 1945 மார்ச்சில் அதே ஜப்பானியருக்கு எதிராகவே படை திருப்பியது, 1947 ஜனவரியில் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியோடு விடுதலை ஒப்பந்தம், அடுத்த மாதமே சான், கச்சின் போன்ற மலைப்பகுதி மக்களின் தலைவர்களோடு பாங்லாங் ஒப்பந்தம். துப்பாக்கி எடுத்தவர் மேசையில் உட்கார்ந்து பேசவும் கற்றுக்கொண்டிருந்தார்.

ஐயாவின் கதை இங்கிருந்துதான் கிளம்பும். அதில் ஆங் சான் சாகவில்லை. 1948 ஜனவரி 4, பர்மா விடுதலை பெற்ற அன்று பிரதமராக நிற்கிறார். சான், கச்சின் தலைவர்களுக்குக் கொடுத்த தன்னாட்சி வாக்கைக் காப்பாற்றுகிறார். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிக்க வரவில்லை. நாமும் பர்மாவை விட்டுக் கப்பலேறவில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகாது. நிலம். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதம் நிலம்தான் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் அடைக்க முடியாதவர்களின் வயல் கைமாறி, 1938-ல் அது கால்வாசி ஆனது. ஆங் சான் சோஷலிசம் பேசியவர். 1948-ல் வந்த நில தேசியமயச் சட்டத்தை அவர் தடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தடுத்திருக்கவும் கூடாது. இதை ஐயாவிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிலம் போயிருக்கும்ப்பா. ஆனா உக்காந்து கணக்குப் பேசிருப்பாரு" என்றார்.

தேவகோட்டை

அண்ணே, அன்று கூடவே இறந்த அப்துல் ரசாக்கை விட்டுவிட்டீர்களே. எங்கள் ஆயா அவருக்காகத்தான் அழுவார். இந்தியத் தகப்பன், பர்மியத் தாய். மாண்டலேயில் தேசியப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து கல்வி அமைச்சர் ஆனவர். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட தலைவர் ஆண்டிருந்தால், நம் ஆட்களைக் 'கலா' என்று, இந்தியரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லால், ஒதுக்கியிருக்க மாட்டார்கள் என்பது ஆயாவின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

கானாடுகாத்தான்

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. எங்கள் ஐயா 1942-ல் ஜப்பான் படைக்குத் தப்பி, பர்மாவின் புரோம் ஊரிலிருந்து கடற்கரையில் இருக்கும் தௌங்குப் வரை மலையேறி நடந்து வந்தவர். வழியில் காலராவுக்குத் தம்பியைக் கொடுத்தவர். அவருக்கு ஆங் சான் என்றால் ஜப்பான்காரனோடு உள்ளே வந்த படைதான். அதற்குப் பிறகு ஆங் சான் எவ்வளவு மாறினார் என்று நான் சொன்னால் ஐயா எழுந்து முகப்புக்குப் போய்விடுவார். வரலாற்றை மாற்றலாம் என்றால் அவர் 1947-ஐத் தொடமாட்டார். 1941 டிசம்பரைத்தான் மாற்றுவார். ரங்கூனில் குண்டு விழவில்லை, தம்பி கடையில்தான் இருக்கிறான்.